டூ பெர்சனுக்கு நான் மனைவியாக இருந்த காலம்

சிங்கப்பூரில் எந்தக் கடையில் நல்ல சீனச் சாப்பாடு கிடைக்கும், எந்தச் சந்தில் நல்ல கொரியச் சாப்பாடு கிடைக்கும் என்பதை டூ பெர்சனைப் போலத் தெரிந்துவைத்திருந்த தமிழர் இன்னொருவர் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் அவருக்கு உட்கார இடம் கிடைக்காது. நல்ல மேசையை எல்லாம் டூ பெர்சன் முன்கூட்டியே பிடித்துவைத்திருப்பார், இரண்டு பேருக்கு.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால், ஊருக்குப் பெட்டி அனுப்பும் அலுவலகம் ஒன்றில் நாங்கள் வேலை பார்த்தோம். எனக்குக் கணக்குப் பிரிவு. அதாவது தொப்பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கணினியை முறைப்பவன். அவர் பெட்டி கட்டுபவர். பால்மாவு, தைலம், சாக்லேட் என்று அடுத்தவர் வீட்டுப் பாசத்தையெல்லாம் டேப் ஒட்டி ஊருக்கு அனுப்புவார். சொந்த ஊர் புதுக்கோட்டை. சுவா சூ காங்கில் வாடகை அறை. 'சமைக்கக் கூடாது' என்பது வீட்டுக்கார அம்மாவின் முதல் விதி. இரண்டாவது விதி, முதல் விதியை மறக்கக் கூடாது.

ஊரில் அவருடைய மனைவி தேவகி பள்ளிக்கூட டீச்சர். தமிழில் பேசும் கொரியத் தொடர்களை ஒன்றுவிடாமல் பார்ப்பவர். ஒருநாள் போனில், "மே லீவுக்கு நான் அங்க வர்றேங்க. அந்தப் பொண்ணுங்க என்னென்ன சாப்பிடுதுங்களோ அதெல்லாம் நானும் சாப்பிடணும். சீனச் சாப்பாடும் வேணும்" என்று சொல்லிவிட்டார். கல்யாணமான நாள் முதல் தேவகி அவரிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதானாம். அன்றோடு அவருக்குத் தூக்கம் போயிற்று. எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச இடுப்பும் போயிற்று.

நல்ல கடை தேடி முதலில் அவர் தனியாகத்தான் கிளம்பினார். தஞ்சோங் பகாரில் ஒரு கொரியக் கடை. கோழி, முட்டைக்கோசு, மாவில் பிடித்த விரல் நீள அரிசிக் கட்டைகள் எல்லாவற்றையும் சிவப்புச் சாந்தில் பிசைந்து, மேசை நடுவே இருக்கும் வாணலியிலேயே வதக்கித் தருவார்கள். டக்கல்பி என்று பெயர். கடைக்கார அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மினிமம் டூ பெர்சன்" என்றிருக்கிறார்.

"யெஸ், டூ பெர்சன்" என்று இவர் உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் எங்கே என்று கேட்டதற்கு, மனைவி டாய்லெட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஒரே போடு. எதிரே இருந்த கிண்ணத்திலும் பரிமாறிவிட்டு, இரண்டு பங்கையும் அவரே சாப்பிட்டிருக்கிறார். கடைக்கார அம்மாவுக்குத்தான் சாப்பாடு முடியும்வரை டாய்லெட் கதவைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. கடைசியில், மயங்கிக் கிடக்கிறாளோ என்னவோ என்று ஒரு பெண்ணை உள்ளே அனுப்பிப் பார்த்தாராம். இந்தக் கதை தெரிந்த நாள் முதல் அலுவலகத்தில் அவருக்கு டூ பெர்சன் என்றே பெயர்.

மறுநாள் காலை என் மேசைக்கு வந்தார். "அண்ணே, ஒரு உதவி. நீங்க தேவகியா இருக்கணும்."

நான் போட்டுக்கொண்டிருந்த கூட்டல் அன்று தப்பாகத்தான் போனது.

அப்படித்தான் ஒத்திகை ஆரம்பித்தது. வேலை முடிந்ததும் ஏதாவது ஒரு கடையில் தேவகியின் இடத்தில் நான் உட்கார, அவர் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அரிசிக் கட்டையைக் கடிங்கண்ணே. எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கு, தம்பி."

"உங்களுக்கு அருமை. அவளுக்கு மேல்பல்லு ஒண்ணு ஆடுது. ஆடுதுன்னு நெனச்சுக் கடிங்க."

ஆடாத பல்லை ஆட்டிக்கொண்டு கடித்தேன். பக்கத்து மேசைப் பிள்ளைகள் என்னைப் படம் எடுத்தார்கள். எனக்குக் காளான் என்றால் உயிர். ஆனால் தேவகிக்குக் காளான் ஆகாதாம். "நோ மஷ்ரூம்!" என்று ஒவ்வொரு கடையிலும் கத்துவார். அடுத்தவர் மனைவிக்காக நான் மாதக்கணக்கில் காளான் விரதம் இருந்தேன்.

"வாரத்துல மூணு நாள் அவருக்குப் பொண்டாட்டியா இருந்துட்டு வர்றீங்க" என்றாள் என் சொந்த மனைவி. "மிச்ச நாளாவது எனக்குப் புருஷனா இருங்க லா."

கடை தேர்ந்தெடுக்க அவரிடம் தனி இலக்கணம் இருந்தது. சீனக் கடையென்றால் வரிசையில் நிற்பவர்களின் காலைப் பார்ப்பார். வீட்டுச் செருப்போடு நிற்கிறார்களா, கடை நல்ல கடை. மேலே இருக்கும் வீடுகளிலிருந்து இறங்கி வந்திருக்கிறார்கள். மினுமினுக்கும் ஷூக்களாக நின்றால், படம் எடுக்க வந்த கூட்டம், நடையைக் கட்டு. கொரியக் கடையென்றால் தொட்டுக்கொள்ள வைக்கும் சின்னக் கிண்ணங்களைப் பார்ப்பார். "கேக்காமலே ரெண்டாந்தடவ வைக்கிறானா பாருங்கண்ணே. வச்சா உள்ள சமைக்கிறவனுக்கு மனசு நல்லா இருக்குன்னு அர்த்தம்."

ஒருமுறை ஜாலான் புசார் பக்கம் ஒரு சீனக் கடைக்குச் சீக்கிரமே போய்விட்டோம். இன்னும் திறக்கவில்லை. சமையல்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஆவியில் வெந்த முட்டையும் கீரையும் சோறுமாகத் தாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டூ பெர்சன் அதைக் காட்டி, அதுதான் வேண்டும் என்றார். விற்பதற்கு இல்லை என்றார் முதலாளி. இவர் நகரவில்லை, முட்டையைப் பார்த்தபடி நின்றார். பசித்த பூனைகூட அப்படிப் பார்க்காது. கடைசியில் ஒரு சமையல்காரர் பெருமூச்சு விட்டு, முக்காலி ஒன்றைக் காலால் தள்ளினார்.

டூ பெர்சன் என்னைக் காட்டி இரண்டு விரலை உயர்த்தினார். இன்னொரு முக்காலியும் வந்தது. அந்த முட்டையின் வழவழப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

குவீன்ஸ்டவுனில் என் வீட்டுக்குப் பக்கத்து உணவங்காடியில் மீன் சூப் விற்கும் சீன அன்டி ஒருவர் உண்டு. என்னைக் காட்டி, இவர்தான் என் 'ப்ராக்டிஸ் வைஃப்' என்று டூ பெர்சன் அவரிடம் சொல்லித் தொலைத்தார். அன்டி என்னை நிதானமாக அளந்து, "வைஃப் சோ ஃபாட் வான்!" என்றார், மனைவி இவ்வளவு குண்டா என்று. அதன்பிறகு அந்த உணவங்காடி முழுவதும் எனக்கு 'வைஃப்' என்றே பெயர். தட்டு எடுக்கும் தாத்தாகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

மே மாதம் வந்தது. தேவகியும் வந்தார். ஒல்லியாக, கலகலப்பாக, எனக்கும் அவருக்கும் எந்த வகையிலும் ஒற்றுமை இல்லாமல்.

வந்த மறுநாள் மீன் சூப். அன்டி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "திஸ் ஒன் ரியல் ஆ?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "யூ, ஜாப் ஃபினிஷ் ஆல்ரெடி லா" என்றார்.

அன்று மாலை தஞ்சோங் பகார். நானும் வந்தே தீர வேண்டும் என்று டூ பெர்சன் அடம். வாசலில் எத்தனை பேர் என்று கேட்டதும், மனிதர் நெஞ்சை நிமிர்த்தி, "டூ பெர்சன்!" என்றார். பொய் சொல்லாமல் அதைச் சொன்ன சந்தோஷத்தில் பின்னால் நின்ற என்னை மறந்தேபோனார். இரண்டு பேர் மேசையின் மூலையில் ஒரு முக்காலி போட்டு, என் பாதி உடம்பை நடைபாதையில் விட்டு உட்கார்ந்தேன்.

வாணலி புகைந்தது. தேவகி அரிசிக் கட்டையை எடுத்து நறுக்கென்று கடித்தார்.

"பாத்து, பாத்து! பல்லு" என்று பதறினார் அவர்.

"எந்தப் பல்லு? அதைப் புடுங்கி மூணு வருஷமாச்சுங்க." பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தார். "அது காளானா? நமக்கு ஏன் போடல?"

"உனக்குத்தான் காளான் புடிக்காதே."

"யாரு சொன்னா? எங்க ஸ்கூல் டீச்சருங்க எல்லாம் சேர்ந்து வாராவாரம் காளான் பிரியாணிதான்."

அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். தேவகி என்னைப் பார்த்துச் சிரித்தார். "வருஷத்துக்குப் பத்து நாள் வர்றாருண்ணே. இவருக்குப் புடிச்சதை ஆக்கிப் போடவே நேரம் சரியா இருக்கு. எனக்கு என்ன புடிக்கும்னு இவருக்கு எப்படித் தெரியும்?"

குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால்தான் எங்கள் இருவராலும் அவரைப் பார்க்க முடியவில்லை. நான் கையை உயர்த்தி, "மஷ்ரூம், ப்ளீஸ்!" என்று கத்தினேன். வேறென்ன செய்ய?

லீவு முடிந்து தேவகி திரும்பினார். இவர் ஒரு வாரம் தலைநிமிராமல் பெட்டி கட்டினார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, நான் பழைய தேவகியை வச்சு ஒத்திகை பாத்திருக்கேன்."

"நான் சரியா நடிக்கலையோ, தம்பி?"

"நீங்க நல்லாத்தான் நடிச்சீங்க. எனக்குத்தான் கதை தெரியல. ஊருக்குப் போயிடலாம்னு இருக்கேன். தினம் ஒருவேளையாவது அவ எதிர்ல உக்காந்து சாப்பிடணும்."

தீபாவளிக்கு முன்பே போய்விட்டார். அவருடைய பெட்டியை நான்தான் கட்டினேன். டேப் கோணலாக ஒட்டியிருக்கிறது என்று அதிலும் குறை சொன்னார்.

அதற்குப் பிறகு நான் வீட்டுக்கும் வேலைக்குமாக நடந்தேன். இடுப்பு திரும்பி வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி, "எழுந்திருங்க, என்னையாவது அந்தக் கொரியக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று இழுத்துப் போனாள். காளான் மலைபோல் வந்தது. அவள் ரசித்துச் சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவருக்கு ஒரு போன் போட்டுட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள்.

வாசலுக்கு வந்தேன். புதுக்கோட்டையில் மதியச் சாப்பாட்டு நேரம். தேவகியின் எதிரே உட்கார்ந்திருப்பார், எங்கே எடுக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேதான் அழுத்தினேன்.

முதல் ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டார், அவரும் என் போனுக்குத்தான் காத்திருந்ததுபோல.