ஊறாத கடலை

வரைபடம் வரைந்தவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் விடுபட்டுப்போன நாடு ஒன்று உண்டு. ஆமோதிபுரம் என்று பெயர். அங்கே ராஜா இருந்தார், பெருமந்திரி இருந்தார், நாற்பது உறுப்பினர் கொண்ட சபையும் இருந்தது. கடிகாரம் மட்டும் கிடையாது. சபைக்குப் பின்னால் இருந்த சமையலறைதான் அவர்களுக்குக் கடிகாரம். ஒரு சட்டம் சபைக்கு வந்ததும் அடுப்பில் உலை ஏற்றுவார்கள். உலையில் இருப்பது வேகும்வரை உறுப்பினர்கள் அதைப் படிக்கலாம், கேள்வி கேட்கலாம், மேசையைத் தட்டலாம். வெந்ததும் சமையல்காரி ஒரு கரண்டி கொண்டுவந்து நீட்டுவாள். மூத்த உறுப்பினர் வாயில் போட்டுப் பார்த்து, "வெந்தது" என்பார். உடனே மணி அடித்துக் கை தூக்கச் சொல்வார்கள். பசித்த வயிறு அல்லவா, நாற்பது கையும் மேலே போய்விடும்.

அந்தச் சமையல்காரியின் பெயர் சொர்ணக்கிளி. இருபத்திரண்டு வருஷமாக அதே அடுப்பு. அவள் வந்த புதிதில் உலை என்றால் விருந்து உலை. பருப்பு, இரண்டு கூட்டு, பாயசம் எல்லாம் ஆகி முடிய உச்சிவெயில் ஆகிவிடும். அதற்குள் உறுப்பினர்கள் ஒரு சட்டத்தைப் பிரித்துப் போட்டு அலசிவிடுவார்கள்.

பிறகு அதிவேகராயர் பெருமந்திரி ஆனார். விருந்து முன்னேற்றத்தைத் தடுக்கிறது என்று கண்டுபிடித்தார். இனிமேல் பொங்கல் போதும் என்று ஆணை வந்தது. பொங்கல் வேகும் நேரத்தில் நிறைவேறியதுதான் சந்தைச் சட்டம். நாட்டிலுள்ள எல்லாச் சந்தையும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் கூட வேண்டும் என்றது அது. வெங்காயம் விற்பவன் கத்தரிக்காய் வாங்கப் போக முடியவில்லை. கத்தரிக்காய்க்காரிக்கு வெங்காயம் கிடைக்கவில்லை. அவரவர் கடையில் அவரவர் சரக்கை வைத்துக்கொண்டு அவரவரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பொங்கலும் தாமதம் என்று உப்புமாவுக்கு வந்தார்கள். உப்புமா நேரத்தில் நிறைவேறியது பாலச் சட்டம். பாலங்கள் நனைந்து கெடாமலிருக்க, ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் அவற்றைப் பூட்டி வைக்க வேண்டும். நல்ல எண்ணம்தான். ஜனங்கள் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிப் போனார்கள்.

உறுப்பினர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. சட்டம் எழுதிய ஓலைக்கட்டை ஏழு முடிச்சுப் போட்டுத்தான் கொண்டுவந்து வைப்பார்கள். மூன்றாவது முடிச்சை அவிழ்ப்பதற்குள் உப்புமா வந்துவிடும்.

இப்படி இருக்கையில் பக்கத்து நாடான வல்லபுரியோடு ஒரு மகா ஒப்பந்தம் என்று பேச்சு அடிபட்டது. நானூற்றுப் பன்னிரண்டு ஓலையாம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சொர்ணக்கிளிக்கு அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். அவள் பிறந்த ஊர் மேலமடை. அவளுடைய அண்ணன், தம்பி, அவர்களின் பிள்ளைகள் எல்லாரும் மேலமடை ஏரித் தண்ணீரை நம்பித்தான் நெல் போடுகிறார்கள். வல்லபுரி ஆட்கள் ஏரி மதகைச் சுற்றி முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனதாகக் காய்கறி வண்டிக்காரர் சொல்லியிருந்தார். மேலமடை உறுப்பினர் ஏகாம்பரம் மோர் கேட்டுச் சமையலறைப் பக்கம் வந்தபோது அவள் விடவில்லை.

"எங்க ஏரி அந்த ஓலையில இருக்குதுங்களாய்யா?"

ஏகாம்பரம் மோரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். தனக்குத் தெரியாது என்றும், தெரிந்துகொள்ள நேரம் கிடைக்கும் என்று தோன்றவில்லை என்றும் சொன்னார். மனிதர் பொய் சொல்லவில்லை. அதுவே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஒப்பந்தம் எந்த நாளில் வரும் என்பது அரச ரகசியமாக இருந்தது. யாராவது தயாராகிவிட்டால் என்ன செய்வது? வல்லபுரித் தூதர் வந்து இறங்கிய காலையில்தான் சபைச் செயலர் ஆணையோடு சமையலறைக்கு ஓடிவந்தார். தூதருக்கு எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கொள்ளாது, ஆகையால் இன்று கொண்டைக்கடலைச் சுண்டல் என்று எழுதியிருந்தது. அதிவேகராயர் வாழ்நாளில் சமையலறைக்குள் கால் வைத்தவரில்லை. கோயிலில் கை நீட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் தொன்னையில் சுண்டல் வந்துவிடுகிறது. ஆகவே பண்டங்களிலேயே சீக்கிரம் ஆகக்கூடியது அதுதான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

சொர்ணக்கிளி உள்ளதைச் சொல்லிவிட்டாள். "ஐயா, கடலைய முந்தின நாளே ஊறப் போடணும். ஊறாத கடலைய அடுப்புல ஏத்துனா லேசுல வேகாது."

செயலர் ஆணையை மேலும் கீழும் படித்தார். "ஊற வைக்கிறதைப் பத்தி இதுல ஒரு வரி கூட இல்லையேம்மா. ஆணையில இல்லாததைச் செய்யிறது குத்தம்."

பெருமந்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றாள். கையெழுத்தான பிறகு கேட்பது நம் நாட்டு வழக்கமில்லை என்று செயலர் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். சரி, அவர்கள் ஆணை, அவர்கள் கடலை. சொர்ணக்கிளி கூழாங்கல் மாதிரி இருந்த கடலையைக் கழுவி உலையில் போட்டாள். விறகை நன்றாகவே வைத்தாள். வேலையில் அவள் ஏமாற்றியதாக யாரும் சொல்லக் கூடாது.

சபையில் அதிவேகராயர் ஒப்பந்தத்தின் மேன்மையைப் பேசி முடித்துச் சமையலறைக் கதவைப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. உறுப்பினர்கள் கொட்டாவி விட்டார்கள். தூதர் மோதிரத்தைக் கழற்றிப் போட்டுக் கழற்றிப் போட்டு விளையாடினார். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஏகாம்பரம் ஓலைக்கட்டின் முதல் முடிச்சை அவிழ்த்தார். இரண்டாவது, மூன்றாவது. விருந்து உலை நின்றதிலிருந்து நான்காவது முடிச்சை யாரும் அவிழ்த்ததில்லை என்பதால் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க எழுந்து வந்தார்கள். ஏழும் அவிழ்ந்தபோது சபையே அந்த மேசையைச் சுற்றி நின்றது.

வெயில் ஏறியபோது இருநூற்றுப் பதினேழாம் ஓலை வந்தது. ஏகாம்பரம் அதை இரண்டு முறை மனத்துக்குள் படித்துவிட்டு, மூன்றாம் முறை உரக்கப் படித்தார். மேலமடை ஏரி நிறைந்திருக்கும் காலத்தில் வல்லபுரிக்குச் சொந்தம், வற்றியிருக்கும் காலத்தில் ஆமோதிபுரத்துக்குச் சொந்தம், மதகுச் சாவி வல்லபுரியிடம் இருக்கும்.

சொர்ணக்கிளி கதவருகே நின்று அதைக் கேட்டாள்.

இது என்ன நியாயம் என்று ஒருவர் கேட்டார். அதிவேகராயர் கனைத்துக்கொண்டார். "இப்படிப்பட்ட நுட்பமான விஷயங்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விளங்கும். அவசரப்படாதீர்கள்." அவசரப்படாதீர்கள் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. இன்னும் நூற்றுத் தொண்ணூற்றைந்து ஓலை பாக்கி இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கடலை வெந்துவிட்டது. சொர்ணக்கிளி பானையைப் பார்த்து அழுதாள். இன்னும் வேகவில்லை என்று அவளே சொல்லிவிடலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அடுப்பு விஷயத்தில் பொய் சொன்னதில்லை. வெந்ததா என்று சொல்லும் உரிமையும் அவளுடையதல்ல. கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியோடு சபைக்குள் போனாள்.

மூத்த உறுப்பினர் வரதுங்கர் முப்பது வருஷமாகக் கரண்டி பக்கத்தில் வருவதற்கு முன்பே "வெந்தது" என்று சொல்லிப் பழகியவர். சந்தைச் சட்டத்துக்கும் அவர்தான் சொன்னார், பாலச் சட்டத்துக்கும் அவர்தான் சொன்னார். பாலம் பூட்டிய மாதத்தில் அவருடைய பேத்தியின் பிரசவத்துக்கு மருத்துவச்சி வந்து சேரவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. இன்று ஒரு கடலையை எடுத்து விரலால் அழுத்தினார். அது மாவாகக் கரைந்தது. வாயில் போட்டு, பல் இல்லாத ஈறால் நெடுநேரம் மென்றார்.

"இன்னும் வேகலம்மா."

சொர்ணக்கிளி கரண்டியை ஏகாம்பரத்திடம் நீட்டினாள். அவரும் வேகவில்லை என்றார். கரண்டி வரிசையாகப் போனது. நாற்பது பேரும் கரையக் கரையத் தின்றுவிட்டு வேகவில்லை என்றார்கள். அதிவேகராயர் பாய்ந்து வந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, பஞ்சாக வெந்திருக்கிறதே என்று கத்தினார். செயலர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ருசி பார்க்கும் அதிகாரம் உறுப்பினருக்கு மட்டுமே என்று வருத்தத்தோடு தெரிவித்தார்.

ஒன்பது நாள் கடலை வேகவில்லை. ஒன்பது நாளும் படித்தார்கள், கேட்டார்கள், அடித்துத் திருத்தினார்கள். இருநூற்றுப் பதினேழாம் ஓலை அடுப்புக்குப் போயிற்று. தூதருக்கும் சுண்டல் பிடித்துப்போய், மிச்சமிருந்ததில் நியாயமானதற்கெல்லாம் ஒத்துக்கொண்டார். பத்தாம் நாள் வரதுங்கர் "வெந்தது" என்றார். அன்று தூக்கிய கைகளில் பசி இல்லை.

மேலமடையில் அந்த வருஷமும் நெல் போட்டார்கள். மதகுச் சாவி ஊரிலேயே தொங்குகிறது. இப்போதெல்லாம் புதுச் சட்டம் வருகிறதென்றால் உறுப்பினர்கள் முதலில் சமையலறையை எட்டிப் பார்த்து, "கடலைய ஊறப் போட்டுடாதம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

வேறு சில நாடுகளில் சபைக்குச் சமையலறையே கிடையாது, கடிகாரம்தான் என்று காய்கறி வண்டிக்காரர் சொன்னார். அங்கே வெந்ததா வேகவில்லையா என்று யார் ருசி பார்ப்பார்கள் என்பது சொர்ணக்கிளிக்கு விளங்கவில்லை. பாவமாக இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்ப ஒரு படி கடலை எடுத்து வைத்திருக்கிறாள். ஊறப் போடாமல்தான் வைத்திருக்கிறாள்.