செம்பூர் டைகரின் கடைசிப் போர்

அந்நாளில் என்னைப் பற்றி எங்கள் குடும்பம் ஒரு நம்பிக்கை வைத்திருந்தது. மதிய உணவுக்குப் பின் நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டால், பழந்தமிழ் நூல் ஏதோ ஒன்றை உரையோடு ஒப்பிட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே அது. பள்ளி நூலகராக இருபத்தேழு ஆண்டுகள் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள் வேறென்ன செய்வாள்? "ஆவாஸ் மத் கரோ, மேடம் பட் ரஹீ ஹை" என்று, அதாவது மேடம் படிக்கிறார், சத்தம் போடாதே என்று, என் கணவர் கூரியர்காரரிடம்கூடக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

உள்ளே மேடம் ஒரு கோட்டையைக் கொளுத்திக்கொண்டிருப்பாள்.

கைபேசியில் விளையாடும் போர் விளையாட்டு அது. கோட்டை கட்ட வேண்டும், படை திரட்ட வேண்டும், ஐம்பது பேர் கொண்ட ஒரு குழுவாகச் சேர்ந்து இன்னொரு குழுவின் கோட்டைகளைத் தகர்க்க வேண்டும். என் குழுவில் எனக்குச் 'செம்பூர் டைகர்' என்று பெயர். நான் எழுதுவேனே தவிரப் பேச மாட்டேன் என்பதால், மற்ற நாற்பத்தொன்பது பேரும் என்னை ஓர் ஆண்பிள்ளை என்றே எண்ணி 'டைகர் பாய்', அதாவது புலி அண்ணா, என்று மரியாதையோடு அழைத்தார்கள். (என் சொந்தத் தம்பிகூட அத்தனை மரியாதை கொடுத்ததில்லை.) நூல்களை நேசிப்பவள் கோட்டைகளைக் கொளுத்தக் கூடாது என்று எந்த நூலிலும் நான் படித்ததில்லை. இதற்காக அன்றும் நான் வெட்கப்படவில்லை, இன்றும் வெட்கப்படுவதாக இல்லை.

வெட்கப்பட வேண்டியது வேறொன்று. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

தாராவியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் என் அண்ணனின் மகள் பவித்ராவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை கார்த்திகேயன், முலுண்டில் குடியிருக்கும் நெல்லைக் குடும்பத்துப் பையன். இரண்டு ஆண்டுகள் இரு வீட்டாரிடமும் போராடிச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். மறுநாள் காலை அவன் துபாய்க்கு வேலைக்குக் கிளம்புகிறான், ஓராண்டுக்குத் திரும்ப முடியாது. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமையே நிச்சயம் முடிந்தாக வேண்டும். ஞாயிறு என்றால் நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், ஓலையை அதற்குள் வாசித்துவிட வேண்டும்.

நிச்சய ஓலையைச் சபை நடுவே உரக்க வாசிப்பது எங்கள் வழக்கம். வாசிக்க வேண்டியவள் நான். எங்கள் வீட்டு இளையவர்கள் இந்தியில் சண்டையிடுவார்கள், ஆங்கிலத்தில் சமாதானம் ஆவார்கள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் முகூர்த்தம் தாண்டிவிடும். அதனால் மூன்று தலைமுறைக்கு ஓலை வாசிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இரண்டு நாட்களாக நடந்துகொண்டிருந்த எங்கள் குழுவின் போரும் அதே ஞாயிறு, அதே நாலரை மணிக்கு முடிவதாக இருந்தது என்பதை நான் விதி என்று சொல்ல மாட்டேன். நாற்பத்தொன்பது பேரும் தாக்கி முடித்துவிட்டார்கள். வெற்றிக்கு ஒரே ஒரு கோட்டை பாக்கி, அது என் பங்கு. குழுத் தலைவன் முந்தின நாளே கேட்டிருந்தான்: "டைகர் பாய், கல் பக்கா நா?" நாளைக்கு உறுதிதானே என்கிறான். நான் எழுதினேன்: "பக்கா." வாக்கு வாக்குத்தானே? ஆனால் காயம்பட்டுக் கிடந்த என் படைத்தலைவன் எழுந்திருக்க நாலே கால் ஆகும் என்று விளையாட்டு சொன்னது. தாக்குதலுக்கு எட்டு நிமிடம் போதும். நாலு மணிக்குள் ஓலையை வாசித்துவிட்டு, நாலே காலுக்குக் கோட்டையைப் பிடித்துவிடலாம் என்று கணக்கிட்டேன்.

மூன்று மணிக்கு மாட்டுங்கா மண்டபத்துக்கு வர வேண்டிய மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களைக் குறைக்கும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக். லோக்கல் ரயில் பாதியில் நின்றுவிட்டது. இறங்கி வண்டி பிடித்தவர்கள் சயானில் நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். தட்டுகளோடு அவர்கள் படியேறி வந்தபோது மணி நாலு பதினைந்து.

நாலு பதினேழுக்கு நான் மண்டபத்தின் ஒரு மூலையில் நின்று தாக்குதலைத் தொடங்கினேன். அந்தக் கணமே மைக்கில் அண்ணன் குரல்.

"மீனா! ஏட்டி மீனா! எங்க போயிட்டா இவ? ஓலை வாசிக்கணும், வாட்டி வெரசா!"

புத்தியுள்ள ஒருத்தி கைபேசியைப் பையில் போட்டிருப்பாள். நானோ ஐம்பத்திரண்டு வயதில், பட்டுச் சேலையில், மஞ்சள் தடவிய ஓலைத்தாளுக்கு அடியில் கைபேசியை வைத்துப் பிடித்துக்கொண்டு மேடையேறினேன். மேலே கண்கள் ஓலையில், கீழே கட்டைவிரல் போர்க்களத்தில். நூலகத்தில் எத்தனையோ குழந்தைகள் பாடப் புத்தகத்துக்குள் சித்திரக்கதை ஒளித்துப் படித்ததை நான் பிடித்திருக்கிறேன். என்னைப் பிடிக்க அங்கே யாரும் இல்லை.

முதல் நான்கு வரிகள் கம்பீரமாகவே போயின. பூர்விகம், குலதெய்வம், தாத்தா பெயர், எல்லாம் சுத்தம். "...செல்வி பவித்ராவை, மும்பை முலுண்டில் வசிக்கும் திரு. ஆறுமுகப்பெருமாள்" என்று வந்தபோது, தாளின் ஓரமாகப் பார்த்தேன். என் படைத்தலைவன் கடைசி மதிலை எட்டியிருந்தான். விரலால் அவனை முன்னே தள்ளிவிட்டுக் கண்ணை மீண்டும் ஓலைக்குக் கொண்டுவந்தேன். ஒரு வரி தள்ளி வந்து விழுந்தது கண்.

"...அவர்களுக்குத் திருமணம் செய்து கொடுப்பதாகப் பெரியோர் முன்னிலையில் நிச்சயிக்கப்பட்டது!"

நடுவில் விட்டுப்போன வரி, 'அவர்களுடைய மூத்த குமாரன் திருவளர்செல்வன் கார்த்திகேயன்' என்பது.

மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் மூச்சு விட்டதுகூடக் கேட்டது. ஆறுமுகப்பெருமாள், வயது அறுபத்து மூன்று, மாப்பிள்ளையின் தகப்பனார், முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி சண்முகத்தாய் அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"அத்தை!" என்றாள் பவித்ரா. அழுகைக்கு ஓரடி முன்னால் நின்ற குரல்.

மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்துவிட்டார். "சபையில விழுந்த சொல்லு விழுந்ததுதான். சகுனம் சரியில்ல. இன்னைக்கு வேண்டாம்டே, வேற நாள் பாத்துக்கிடலாம்."

வேறு நாள் என்றால் அடுத்த ஆண்டு. ஓராண்டில் இரு வீட்டுப் பெரியவர்களும் எத்தனை முறை மனம் மாறுவார்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். கார்த்திகேயனின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன்.

அப்போது ஆறுமுகப்பெருமாள் எழுந்தார்.

"இருங்கண்ணே. மணி நாலு இருபத்தி நாலு. சொல்லு விழுந்துட்டுன்னா, அது எம்மேலதான விழுந்துருக்கு? பொண்ணுகிட்ட கேப்போம். ஏம்மா, உனக்கு என்னயப் பிடிச்சிருக்கா?"

பவித்ரா இல்லை என்று வேகமாகத் தலையாட்டினாள்.

"பொண்ணு வேண்டாங்கா. அப்ப அது தள்ளுபடி. அடுத்த ஆளு பேரைப் போட்டு வாசிங்க தாயி."

"அவ வேணும்னு சொல்லிருந்தா மட்டும் நான் விட்டிருப்பனாக்கும்?" என்றார் சண்முகத்தாய். மண்டபம் வெடித்துச் சிரித்தது. பெரியப்பாவும் சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

தாளைத் திருத்திப் பிடித்தேன். அடியில் ஒரு நிமிடப் போர் மீதமிருந்தது. என் கை தேவைப்பட்டது. ஒரு நொடி யோசித்தேன். (ஆம், யோசித்தேன். உண்மையைச் சொல்வதற்கு மன்னிப்பும் சேர்த்துக் கேட்க முடியாது.) பிறகு கைபேசியை வெற்றிலைத் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஓலையைப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். கார்த்திகேயன் என்ற பெயரை மட்டும் இரண்டு முறை. தட்டு மாற்றி முடித்தபோது மணி நாலு இருபத்தொன்பது.

பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்துதான் கைபேசியைத் திருப்பினேன். ஒரே ஒரு காவல் கோபுரம் எஞ்சியிருந்தது. அந்த ஒன்றால் போரில் தோற்றுவிட்டோம். குழுவில் வசை மழை. வீட்டில் நிச்சயதார்த்தம் நடந்தது என்று விளக்கி எழுதினேன். தலைவன் பதில் அனுப்பினான்: "ஷாதி கிஸ் கே கர் மே நஹீ ஹோத்தி, பாய்?" கல்யாணம் யார் வீட்டில்தான் நடக்கவில்லை என்கிறான்! அடுத்த வரியில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டான்.

மூன்று ஆண்டுகள் அந்தக் குழுவில் இருந்தேன். அவன் காய்ச்சலில் கிடந்தபோது அவனுடைய போரையும் சேர்த்து நடத்தியவள் நான். ஒரு தவறுக்கு ஒரு வார்த்தை விசாரணை இல்லை. மண்டபத்தில் எனக்கு ஒரு மனிதர் மறுவாசிப்பு கொடுத்த அதே அரை மணி நேரத்தில் இது. கண்ணில் நீர் முட்டியது. பாயசம் வருவதற்குள், அந்த விளையாட்டைக் கோட்டை, படை, பட்டம் எல்லாவற்றோடும் கைபேசியிலிருந்து அழித்தேன்.

மேடையில் ஓலைக்கு அடியிலிருந்து கைபேசி வெளிவந்தபோதே விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்த என் கணவர், எதிர்ப் பந்தியிலிருந்து அதையும் பார்த்திருக்கிறார். "பாவம், அவமானத்துல அழுதுகிட்டே எல்லாத்தையும் அழிச்சிட்டா" என்று அன்றே ஊருக்குச் சொல்லிவிட்டார். குடும்பம் இன்றுவரை நம்புவது அதைத்தான். நான் பல முறை திருத்தியிருக்கிறேன்: அவமானத்தால் அல்ல, அநீதியால் விட்டேன். விளையாட்டின் மீது எனக்கு இன்றும் குறை எதுவும் இல்லை. நியாயமான தலைவன் ஒருவன் வாய்த்திருந்தால் இந்நேரம் எத்தனையோ கோட்டைகளைப் பிடித்திருப்பேன். நான் இதைச் சொல்லும்போதெல்லாம் எல்லோரும் பரிவோடு தலையாட்டுகிறார்கள். அந்தப் பரிவைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

ஆறுமுகப்பெருமாள் மட்டும் பரிவு காட்டியதில்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைத்து, "உங்க பழைய மாப்பிள்ளை பேசுதேன். உங்களால எனக்கு ஒரு கல்யாணம் போச்சு, அதுக்கு என்ன பதில் சொல்லுதீய?" என்பார். சண்முகத்தாய் பின்னாலிருந்து ஏதாவது சொல்வது கேட்கும். பேரன் பிறந்த செய்தியையும் அவர் "பழைய மாப்பிள்ளை தாத்தாவாயிட்டாரு" என்றே எனக்குச் சொன்னார்.

சென்ற மழைக்காலத்தில் அவர் காலமானார். பவித்ராவும் கார்த்திகேயனும் துபாயிலிருந்து வந்து, காரியங்கள் முடிந்ததும் திரும்பிப் போனார்கள். அடுத்த ஞாயிறு தொலைபேசி அடித்தது. எடுத்தேன். மறுமுனையில் சண்முகத்தாய் சொன்னார்: "மதினி, இந்த நேரத்துக்குத்தான அவுக கூப்பிடுவாக. அதான் நான் கூப்பிட்டேன்."

இப்போது ஞாயிறுதோறும் அதே நேரத்தில், முலுண்டில் அவரும் செம்பூரில் நானும் தொலைபேசியை எடுத்துக்கொண்டு உட்காருகிறோம்.