முத்துத்தாய்க்கு ஒரு தலையாட்டல்

குருசாமி தலையை ஆட்டினார். எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி முத்துத்தாய், பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிவிட்டாள்.

அவள்மேல் தப்பில்லை. கல்யாண வீட்டில் ஆம்பிளைகள் வரிசையிலிருந்து குருசாமி தலையாட்டினால், 'கிளம்பு, பஸ் வந்துரும்' என்று அர்த்தம். கட்டிய நாள்முதல் அதுதான் வழக்கம்.

ஆனால் இது கல்யாணம் இல்லை. சங்கரன்கோவில் மண்டபத்து மாடியில் டாங்கோ என்கிற வெளிநாட்டு ஜோடி நடனம் சொல்லித்தரும் ஜாய்ஸ் டீச்சரின் வகுப்பு நடத்தும் ஆட்ட விழா. டாங்கோவுக்கு வாயால் கூப்பிடக்கூடாது. தூரத்திலிருந்து கண்ணைப் பார்த்துத் தலையாட்டவேண்டும். அவளும் ஆட்டினால்தான் ஆட்டம். அந்த ரூலை ஜாய்ஸ் அப்படியே வைத்துக்கொண்டாள். கட்டிப்பிடிப்பதை மட்டும் நம்மூருக்குத் தோதாக மாற்றி, நடுவில் ஒரு தேங்காய் உருள இடம் விடச் சொன்னாள். ஜோடியும் புருஷன் பெண்டாட்டி மட்டும்தான்.

போன வருஷம் குருசாமிக்கு நெஞ்சில் ஆபரேஷன். கஞ்சி ஊட்டி, குளிப்பாட்டி, கையைப் பிடித்து நடக்கவைத்தவள் முத்துத்தாய். அவளுக்கு ஒரு நன்றி சொல்லவேண்டும். விசைத்தறிக்கு நூல் கொண்டுவருகிறவனிடம் தாராளமாக வரும் வார்த்தை, பெண்டாட்டியிடம் வரவில்லை. ஆடியாவது சொல்லிவிடலாம் என்று, வாக்கிங் போவதாகப் புளுகிவிட்டுச் சாயங்கால வகுப்பில் சேர்ந்தார். ஜோடி இல்லாததால் மண்டபத்துத் தூணைப் பிடித்துப் பழகினார். காலையில் அவள் தினமும் கோயிலுக்குப் போவாள். நமக்காகத்தானே சுற்றுகிறாள் என்று அதற்கும் மனசு உருகியது. இன்று, விழா பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அவளைக் கூட்டிவந்திருந்தார்.

குருசாமி வாசலுக்கு ஓடினார். "எங்கட்டி போற?"

"நீங்கதான தலையாட்டுனிய?"

"கிளம்பச் சொல்லல. உள்ள வந்து உக்காரு."

"வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்!"

குருசாமி தன் இடத்துக்குத் திரும்பி, இந்தத் தடவை ஒரு சிரிப்பையும் சேர்த்து ஆட்டினார். சிரித்துப் பழகாத முகம். முத்துத்தாய் தண்ணீர் பாட்டிலும் மாத்திரையுமாக ஓடிவந்தாள்.

"நெஞ்சு வலிக்கா? வாய் ஒரு பக்கமா இழுக்கே!"

பாட்டு நின்றது. ஒருவர் நாற்காலியைத் தூக்கிவந்தார், இன்னொருவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று ஒரு குரல் கேட்டது.

ரூலாவது வெங்காயமாவது என்று குருசாமி எழுந்துவிட்டார். "ஏட்டி முத்து, என்கூட ஆட வாரியா?"

"வாரேன்," என்றாள், கேட்டு முடிக்கும் முன்னே.

ஆடினார்கள். அவர் மிதிக்கப் போகும்போதெல்லாம் அவள் கால் முன்கூட்டியே நகர்ந்துகொண்டது. நாம் நடத்துகிற லட்சணம் அப்படி என்று குருசாமி பூரித்துப்போனார். முதல் பாட்டு முடிந்ததும் அவள் கையை இறுக்கிப் பிடித்தார்.

"நீ இல்லன்னா நான் இல்ல முத்து. ரொம்ப நன்றிட்டி."

ஜாய்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி! ரெண்டு பாட்டுக்கு நடுவுல நன்றி சொன்னா, 'போதும், ஒங்கூட இனிமே ஆடல'ன்னு அர்த்தம்! எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

குருசாமிக்கு வேர்த்துவிட்டது. ஆயுசில் ஒருதரம் நன்றி சொன்னார், அதுவும் இப்படியா ஆகவேண்டும்?

முத்துத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிடித்த கையை விடவில்லை. "அவுக நன்றிக்கு அந்த அர்த்தம் கெடையாது. அடுத்த பாட்டப் போடுங்க டீச்சர்."

"கோவிச்சுக்காதிய டீச்சர்," என்றார் குருசாமி கண்கலங்க. "பாவம், அவளுக்கு இந்த ரூலெல்லாம் தெரியாது."

டீ கொண்டுவந்த மண்டபக் காவலாளி நியாஸ் அகமது சிரித்துவிட்டார். "யாருக்கு, அக்காவுக்கா? காலை வகுப்புல அத்தன பேருக்கும் தலையாட்டச் சொல்லிக்குடுக்கதே அவுகதான அண்ணாச்சி!"