பீமனுக்காக நான் பெட்டிக்குள் போன கதை

வெளிநாடு போகிறவர்கள் நிதானமாகத்தான் இருக்கிறார்கள். வழியனுப்பப் போகிற நாம்தான் பாஸ்போர்ட்கூட இல்லாமல் பதறுகிறோம். எங்கள் வீட்டிலிருந்து கிளம்பியது ஒரு நாய். பதறியது நான்.

பீமன் என் தங்கை சுமதியின் நாய். அவள் ஆபீஸ் வாசலில் யாரோ விட்டுப்போன குட்டி, வளர்ந்து கன்றுக்குட்டி சைஸுக்கு ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்கு நெதர்லாந்தில் வேலை. "பீமன் வந்தாத்தான் நானும் வருவேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டாள் சுமதி. சொன்னதோடு நிற்கவுமில்லை. கழுத்துத் தோலுக்கடியில் சிப், வெறிநாய்த் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, அதற்குப்பின் மாதக்கணக்கில் காத்திருப்பு, எங்கள் மைசூருக்கும் பெங்களூருக்குமாக அலைச்சல் என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக முடித்தாள். (நான் ரேஷன் கார்டில் என் பெயரைத் திருத்தப் போய், அப்பா பெயரையும் தப்பாக்கிக்கொண்டு வந்தவன்.)

எனக்குக் கொடுத்தது ஒரே வேலை. பீமனைப் பயணப் பெட்டிக்குப் பழக்க வேண்டும். பழகாமல் ஏற்றினால் நடுவானில் மிரண்டு தன்னையே காயப்படுத்திக்கொள்ளும். மயக்க மருந்து கேட்டுப் பார்த்தேன். "விமானத்துல அதுதான் ஆபத்து" என்று டாக்டர் மறுத்துவிட்டார்.

பெட்டியின் கடைசி மூலையில் கோழி ஈரல் வைத்தேன். பின்னங்கால்களை ஹாலிலேயே ஊன்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டித் தின்றுவிட்டு வந்தது. "உள்ளே போடா" என்று தமிழில் கெஞ்சினேன், "ஒளகெ ஹோகப்பா" என்று கன்னடத்தில் கெஞ்சினேன். அசையவில்லை. பயண நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை சுமதி தேவராஜா மார்க்கெட் போயிருந்தாள். என் மனைவி பள்ளிக்கூடத்தில். நானே உள்ளே போய்க் காட்டினால் என்ன என்று தோன்றியது. தலையை முன்னால் விட்டுத் தவழ்ந்தேன். தொப்பையும் உள்ளே வந்து சேர்ந்தபோது, 'பாத்தியாடா பீமா' என்று பெருமையாகக் கூப்பிட்டேன்.

பீமன் பார்த்தது. ஆர்வம் தாங்காமல் முன்னங்கால் இரண்டையும் கம்பிக் கதவில் வைத்தது. டக். வெளித்தாழ்ப்பாள் விழுந்துவிட்டது.

திரும்ப முடியவில்லை. என் முகம் ஈரல் வாசனை அடிக்கும் மூலையில், பாதங்கள் கதவுப்பக்கம். பீமன் கதவுக்குக் குறுக்கே காவல் படுத்துக்கொண்டது.

கீழ்வீட்டு சாவித்ரம்மா பப்பாளித் துண்டுகளோடு வந்தார். பெட்டியின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியே என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏன்ரீ, நீவூ ஹோக்தீரா?" (நீங்களும் போறீங்களா?)

"தாழ்ப்பாளைத் திறங்கம்மா!" என்று அலறினேன். அவர் ஓரடி வைத்ததும் பீமன் உறுமியது. தினமும் தனக்குப் பப்பாளி கொடுக்கிற அம்மாளைப் பார்த்து! என்னைக் காப்பாற்றுகிறதாம். அவர் இறங்கிப்போய்த் தெருவையே கூட்டிவந்தார். வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் என் பாதங்கள்தான் தரிசனம்.

அப்போதுதான் சுமதி வந்தாள். சிரிக்கவில்லை. பைகளைக் கீழே வைத்தாள். கம்பிக்குள் மூக்கை நுழைத்து என் பாதத்தை நக்கிக்கொண்டிருந்த பீமனைக் கொஞ்ச நேரம் கவனித்தாள். பிறகு தாழ்ப்பாளைத் திறந்து, "அண்ணா, வெளியே வராதே. அப்படியே இரு" என்றாள்.

"எதுக்குடி?"

கேட்டு முடிக்கவில்லை. பீமன் முழு உடம்போடு உள்ளே வந்து என் முதுகின்மேல் படுத்துக்கொண்டது. இத்தனை நாள் நான் என்ன செய்தும் நடக்காதது! மூச்சு முட்டியது. ஆனாலும் அந்தக் கூட்டத்துக்கு நடுவே இதைக் கண்டுபிடித்தாளே என்று என் தங்கையை நினைத்து நெஞ்சு நிறைந்தது. (நிறைய இடம் இல்லை. ஆனாலும் நிறைந்தது.)

அன்றைக்கே, நான் கட்டியிருந்த லுங்கியைத் துவைக்காமல் வாங்கி உள்ளே விரித்தாள். பீமன் அதன்மேல் தூங்கப் பழகிவிட்டது. பெங்களூர் விமான நிலையத்தில் யாரும் சொல்லாமலே பெட்டிக்குள் நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, ஏதோ பெரிய மனிதர் கார் ஏறுவதுபோல் படுத்தது. அதுவரை கலங்காத சுமதி அங்கேதான் அழுதாள். நானும்தான்.

சில மாதத்தில் மாப்பிள்ளை போன் செய்தார். "மச்சான், லுங்கி கிழிஞ்சுபோச்சு. வேறே எதுலயும் இவன் தூங்க மாட்டேங்கிறான்."

அன்றிலிருந்து அந்தப் பக்கம் யார் போனாலும் என் பழைய லுங்கி ஒன்று கூடவே போகிறது. தீபாவளிக்குப் புது லுங்கியை நீட்டும்போதெல்லாம் என் மனைவி சொல்வாள்: "ஒழுங்கா வியர்க்க வியர்க்கக் கட்டுங்க. ஏற்றுமதி சரக்கு."