அன்பார்ந்த உறுப்பினரே

நெற்களஞ்சியம் மருத்துவக் கல்லூரியில் மாணவர் பொது மருத்துவச் சங்கம் துவக்கப்படும் என்று அறிவிப்பு ஒட்டிய அன்றே, மூன்றாமாண்டு மாணவர்களில் நாற்பத்திரண்டு பேருக்குத் தலைமைப் பண்பு வந்துவிட்டது. முந்தின நாள்வரை யாருக்கும் அதற்கான அறிகுறி இருந்ததில்லை. மற்ற மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்; அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வேளாங்கண்ணி ரெமிஜியசுக்கு அது கொஞ்சம் கடுமையாகவே வந்தது. காரணம், அவன் அம்மா அமலோற்பவம்.

"உங்க ஜேசுராஜ் சித்தப்பா மவன் இன்ஜினியரிங் காலேஜ்ல ரோபோ கிளப் சேர்மனாம். நீ அஞ்சரை வருஷம் படிச்சுட்டு வெறும் டாக்டரா வந்து நிக்கப் போறியாடா?"

மேற்படிப்புக்கு மதிப்பெண்தான் கணக்கு, பதவியை யாரும் கேட்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் விண்ணப்பித்தார்கள். விண்ணப்பத்தோடு ஐந்நூறு சொல்லில் ஒரு தொலைநோக்கு அறிக்கையும், கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் எதையோ பார்ப்பது போன்ற புகைப்படமும் இணைக்க வேண்டும். அறிக்கையை அவரவர் போனில் இருந்த ஏ.ஐ. எழுதிக் கொடுத்தது. ஆகவே நாற்பத்தோரு அறிக்கைகள் "மாறிவரும் மருத்துவ உலகில்" என்று ஆரம்பித்தன. ரெமிஜியசுக்கு அன்று டேட்டா தீர்ந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் தானே எழுதினான்.

நேர்காணலில் சங்க ஆலோசகர் பேராசிரியர் பஞ்சநதம் அந்தத் தாளைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னப்பா இது? 'வாரத்துல ஒரு நாள் எல்லாரும் வார்டுக்குப் போய் நோயாளிகிட்ட உட்கார்ந்து பேசலாம்'னு எழுதியிருக்கே?"

"ஆமா சார். நெறைய கத்துக்கலாம்."

"இதுல தலைமை எங்க இருக்கு?"

"உட்கார்ந்து பேசறதுக்குத் தலைமை எதுக்கு சார்?"

பஞ்சநதம் பேனாவை மூடினார். "மத்தவங்க எல்லாரும் ஒரே குரல்ல எழுதியிருக்காங்க. அதுல ஒரு ஒற்றுமை தெரியுது. நீ தனியா நிக்கறே."

யாரையாவது நிராகரித்தால் பெற்றோர் புறப்பட்டு வந்துவிடுவார்கள். ஆகவே நிர்வாக நலன் கருதி, கல்லணையில் காவிரி பிரிகிற மாதிரி பதவிகள் பிரிந்தன. ஒரு தலைவர், ஏழு துணைத் தலைவர்கள், காய்ச்சல் பிரிவுச் செயலாளர், சர்க்கரைப் பிரிவுச் செயலாளர், ரத்த அழுத்தத்தில் உயர்வுக்கு ஒருவர், தாழ்வுக்கு ஒருவர், சமூக ஊடக அணி, அந்த அணியைக் கண்காணிக்கும் அணி என்று போய்க்கொண்டே இருந்தது. மொத்தம் நாற்பத்தோரு பதவி. கடைமடைக்குத் தண்ணீர் வராதது புதிதில்லையே. வேளாங்கண்ணிக்காரன் வெறும் உறுப்பினர் ஆனான்.

இரண்டு நாள் அவன் மெஸ்ஸில் தலை நிமிரவில்லை. அம்மாவின் போனையும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் தலைவர் சுவேதா அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ரெமி, வெள்ளிக்கிழமை துவக்க விழா. நீ வந்துடுவேல்ல?"

"நான் எதுக்கு? அதான் நாப்பத்தோரு பேர் இருக்கீங்களே."

"நாங்க எல்லாரும் மேடையில இருப்போம். கீழ யாராவது உட்காரணும்ல? சங்கத்தோட ஏழாவது விதியைப் பாரு. கூட்டம் முடியறவரைக்கும் உறுப்பினர் தன் இடத்துல இருக்கணும். இல்லேன்னா கூட்டம் செல்லாது."

"எல்லா உறுப்பினருமா?"

"எல்லா உறுப்பினரும் நீதான்டா."

ரெமிஜியஸ் சாம்பார் சாதத்திலிருந்து கையை எடுத்தான். மூன்று நாளாக வளைந்திருந்த முதுகு நிமிர்ந்தது.

"எழுத்து மூலமாக் கேளு. பரிசீலிக்கிறேன்."

எழுத்து மூலம் கேட்டார்கள். வியாழக்கிழமைக்குள் அவனுக்கு மெத்தை வைத்த நாற்காலியும், அவன் முகத்துக்கு நேராகச் சுழலும் மின்விசிறியும் உறுதி செய்யப்பட்டன. துணைத் தலைவர்கள் ஒவ்வொருவராக ரகசியமாக அறைக்கு வந்து, தான் பேசும்போது மட்டும் கொஞ்சம் பலமாகக் கைதட்டும்படி கேட்டுக்கொண்டார்கள்.

"கைதட்டறது கொள்கை முடிவு. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்று ரெமிஜியஸ் திருப்பி அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை மேடையில், பேராசிரியரையும் சேர்த்து, நாற்பத்திரண்டு நாற்காலிகள். கீழே ஒன்று. ஒவ்வொருவராக எழுந்து "அன்பார்ந்த உறுப்பினரே" என்று தொடங்கிப் பேசினார்கள். பத்தொன்பதாவது பேச்சு நடக்கும்போது மணி ஒன்றரை. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, விழா முடிந்து சாப்பிடலாம் என்றிருந்த பஞ்சநதத்துக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"சாருக்கு என்னமோ ஆயிடுச்சு! சர்க்கரைப் பிரிவு, பாருங்க!" என்று கத்தினாள் சுவேதா.

சர்க்கரைப் பிரிவுச் செயலாளர் ஹபீப் முகம்மது தன் நியமன ஆணையை எடுத்துப் படித்தான். "சர்க்கரை ஏறினாத்தான் எங்க பிரிவு. எறங்கறதைப் பத்தி இதுல ஒண்ணும் போடல."

"பிரஷரா இருக்குமோ?"

"உயர்வுன்னா நான். இது தாழ்வு மாதிரி தெரியுது" என்றாள் பிரதீபா. தாழ்வுக்கான செயலாளர் செல்ஃபி எடுக்க வெளியே போயிருந்தார்.

எல்லோரும் கீழே பார்த்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று ரெமிஜியசுக்குத் தெரியும். சர்க்கரை இறங்கினால் உடம்பு எப்படியெல்லாம் பண்ணும் என்று வார்டில் பக்கிரி என்கிற பெரியவர் போன வாரம்தான் அவனிடம் ஒரு மணி நேரம் சொல்லியிருந்தார். அவன் பாதி எழுந்தான். அப்போது விதி ஏழு ஞாபகம் வந்தது. உறுப்பினர் இடத்தை விட்டு நகர்ந்தால் கூட்டம் செல்லாது. மெத்தையில் மறுபடி உட்கார்ந்தான்.

"மேடையிலேர்ந்து முறையா ஒரு தீர்மானம் போட்டுக் கூப்பிடுங்க, வரேன்."

தீர்மானத்தை யார் முன்மொழிவது என்று ஏழு துணைத் தலைவர்களும் பேசிக்கொண்டிருக்கையில், மைக் செட் போட வந்திருந்த ஜாஃபர் சாதிக் வயரைக் கீழே போட்டுவிட்டு மேடையேறினார்.

"சார், நான் பேசறது கேக்குதா? முழுங்க முடியுமா?"

பஞ்சநதம் லேசாகத் தலையாட்டினார். விருந்தினருக்கு வைத்திருந்த ரோஸ்மில்க்கை அவர் வாயருகே பிடித்து மெதுவாகப் புகட்டினார் சாதிக்.

"எங்க அத்தாவுக்கு மாசத்துல ரெண்டு தடவ இப்புடித்தான் ஆவும். இதுக்கு எதுக்குத் தம்பி மீட்டிங்கு?"

பத்து நிமிடத்தில் பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு முதலில் கேட்டது:

"கூட்டம் செல்லுமா?"

"செல்லும் சார். உறுப்பினர் எடத்தை விட்டு அசையவே இல்ல" என்றாள் சுவேதா.

"நல்ல பையன்" என்றார் பஞ்சநதம்.

ரெமிஜியசுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இருபதாவது பேச்சாளருக்குக் கை தட்டினான். விதிகளில் எங்கேயும் மைக் செட்டுக்காரருக்கு நன்றி சொல்ல இடமில்லாததால், யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அமலோற்பவம் போன் செய்தாள். இந்தத் தடவை அவன் எடுத்தான்.

"டேய், உங்க காலேஜ் விழா பேப்பர்ல வந்திருக்கு! மேடையில அத்தனை பேர் நிக்கறாங்க, உன்னக் காணோமே? 'பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டனர்'னு வேற போட்டிருக்கான். அவ்வளவு கூட்டத்துல நீ எங்கடா நின்ன?"

"நிக்கலம்மா, உட்கார்ந்திருந்தேன்" என்றான் ரெமிஜியஸ். "அந்தப் பொதுமக்கள் நான்தான்."