நிரம்பி வழிந்த கச்சேரி

"பியானோக்காரர் எங்க?" என்று கல்லூரி டீன் ஹார்லன் கேட்டபோது ஆர்லிஸ் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். மின்னசோட்டா முழுவதும் மெத்து மெத்தென்று பனி இறங்கிக்கொண்டிருந்தது. அதில் எங்கேயோ அந்த மனிதரின் கார் சிக்கிக் கிடந்தது.

"வந்துட்டே இருக்கார், ஹார்லன்," என்று புளுகினாள்.

எங்கள் சமுதாயக் கல்லூரியின் குளிர்காலக் கச்சேரியை நடத்துகிறவள் அவள்தான். அதை விட்டால் ஊரில் பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை. போன வருடம் வந்தவர்கள் நாலே பேர். அதில் ஒருவர் அவள் கணவர். இந்த வருடமும் அரங்கு காலியாக இருந்தால் கச்சேரிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அங்கே உடைந்த நாற்காலிகளை அடுக்கப் போவதாக டீன் கறாராகச் சொல்லியிருந்தார்.

அதிசயம், இன்று அரங்கு நிரம்பி வழிந்தது!

மேடையில், பியானோவுக்குச் சுதி சேர்க்க வந்த வெர்லின் இன்னும் ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். டங்... டங்... டங்.

"சீக்கிரம் முடிச்சுடாதீங்க. இன்னும் கொஞ்சம் இழுங்க," என்று அவர் காதைக் கடித்தாள்.

இழுத்தார். வெளியே பனி, உள்ளே கதகதப்பு, நடுவில் அந்த ஒற்றைச் சத்தம் மிதந்து மிதந்து வந்தது. ஆர்லிசுக்கே கண் சொக்கியது. அரங்கம் மெல்லத் தரையைவிட்டுக் கிளம்பி மேகத்துக்குள் போவதுபோல இருந்தது. யாரும் இருமக்கூட இல்லை.

மனசாட்சி குத்தவே, உண்மையைச் சொல்லிவிட மேடையேறினாள். வாயைத் திறப்பதற்குள் கைதட்டல்.

"இப்போ... இரண்டாம் பாகம்," என்று உளறிவிட்டாள்.

"எனக்கு முதல் பாகமே தெரியாதேம்மா!" என்று முணுமுணுத்த வெர்லின், பதற்றத்தில் எதையோ முறுக்க, தந்தி ஒன்று படீரென்று அறுந்தது.

செத்தோம் என்று ஆர்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது.

டீன் மூக்கை உறிஞ்சினார். "எனக்கு ஒரு மண்ணும் புரியல, ஆர்லிஸ். ஆனா என்னவோ பண்ணிடுச்சு. ஊரே வந்திருக்கே! இனி வருஷா வருஷம் நடத்து."

ஆர்லிசுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தாள். கடைசியாக வந்த கிழவர் தொப்பியைக் கையில் சுருட்டியபடி தயங்கினார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. பாதியில எழுந்து போனா அவர் மனசு நோகுமேன்னு எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்துட்டோம்... ஆமா, நாங்கல்லாம் தேடி வந்த அந்த ஐஸ்ல மீன் பிடிக்கச் சொல்லிக் குடுக்கற வகுப்பு எந்த ரூம்?"