செல்லாக் காசு நீதிமன்றம்

செல்லாத காசை வைத்துக்கொண்டு நீதிமன்றம் நடத்தியவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் கோவளம் ஆட்டோ ஸ்டாண்டின் ஜட்ஜ் அண்ணாத்த. அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

மாமல்லபுரத்துக்குச் சவாரி வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், இறங்கும்போது அண்ணாத்தயின் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டுப் போன காசு அது. ஹங்கேரி நாட்டின் பழைய காசு. அந்த நாட்டிலேயே இப்போது செல்லாதாம். ஒரு பக்கம் அரசு முத்திரை. மறுபக்கம் அந்த நாட்டுத் தலைவர் ஒருவர், அடர்ந்த தாடியோடு பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருப்பார்.

யாருக்குள் தகராறு வந்தாலும் அண்ணாத்த காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொள்வார். காசைத் துடைத்துத் தாடி முகத்தை இரு தரப்புக்கும் காட்டுவார். அந்த முகத்தைப் பார்த்தே நியாயத்தைச் சொல்ல வேண்டும். பிறகுதான் சுண்டுவார். தோற்றவர் முணுமுணுக்கக் கூடாது. ஒருமுறை என் மகளின் தடுப்பூசிக்குப் போகும் வழியில் ஆட்டோவை ஓரங்கட்டி, வலை காயப்போடும் இடத்துக்கான வழக்கை விசாரித்தார். ஒரே மைக் செட்டுக்கு மோதிய இரண்டு தெருத் திருவிழாக்காரர்கள் அடுத்த வழக்குக்காகக் காத்திருந்தார்கள். நான் வாட்ச்சைப் பார்த்தேன்.

"கோர்ட்டு நடந்துகினு கீதும்மா" என்றார் கண்டிப்பாக.

நம் ரூபாயைச் சுண்டினால் ஆகாதா என்று கேட்டேன். சிங்கத்துக்கு முன்னால் மனுஷன் கூசாமல் பொய் சொல்வான் என்றார். நம் தலைவர்கள் படம் போட்ட காசும் இருக்கிறதே என்றேன்.

"எட்த்து காட்டினதுமே, 'அவரு உங்காளு'ன்னு சண்டை வந்துரும்மா. இந்த நைனா இன்னா கட்சி, இன்னா ஜாதி, எந்தக் கோயிலு, ஒர்த்தனுக்கும் தெரியாது. அதான் எல்லாரும் அடங்குறானுங்க."

படித்த பழக்கம் விடுமா? செல்போனில் தேடிவிட்டேன். தாடிக்காரர் தன் நாட்டின் விடுதலைக்காகப் போராடித் தோற்று, அந்நிய மண்ணில் இறந்துபோனவர். சொல்ல வாயெடுத்தேன். அண்ணாத்த பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம்மா. தெரிஞ்சா நானே கட்சி கட்டிருவேன்." நான் இன்றுவரை யாரிடமும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

என் பிரசவ விடுப்பு முடியும் நேரம் வந்தது. நாவலூர் அலுவலகத்துக்குத் திரும்புவதா, குழந்தையோடு இருப்பதா? தெருக்கோடியில் ஒரு காப்பகம் இருந்தது. அங்கே சேர்ப்பதற்கு மூன்று தடவை போய், மூன்று தடவையும் மனம் மாறித் திரும்பினேன். கணவரைக் கேட்டால், நான் எதைச் சொன்னாலும் சரி என்றார். அதைவிடப் பெரிய உபத்திரவம் கிடையாது. கடைசியில் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன்.

"எதிர்பார்ட்டி யாரும்மா?"

யாரும் இல்லை, இரண்டு பக்கமும் நான்தான் என்றேன்.

"அப்டி கேஸ் எடுக்க மாட்டோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு மேல் பட்டனைப் போட்டார். "செரி, நானே எதிர்பார்ட்டி. நீங்க போவணும்னு சொல்லுங்க, நான் கூடாதுன்றேன். பேசலாம்."

மனுஷன் ஈவிரக்கமே இல்லாமல் வாதாடினார். குழந்தை ஏங்கிப்போகும், காப்பக ஆயாவை அம்மா என்று கூப்பிடும், அப்புறம் அழுது பிரயோஜனம் இல்லை என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தூங்கும் குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன், இந்த அம்மாவைவிட சாயங்காலம் சிரித்துக்கொண்டு வருகிற அம்மா அவளுக்கு நல்லவள் இல்லையா என்று கத்தினேன். தாடிக்காரரைப் பார்த்துத்தான் கத்தினேன்.

அண்ணாத்த காசைச் சுண்டினார். கையைத் திறந்து பார்த்தார்.

"தாடி. நீங்க ஜெய்ச்சிட்டீங்க. போய் வேலையப் பாருங்க."

தாடி யாருக்கு, முத்திரை யாருக்கு என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

முதல் நாள் மதியம், அலுவலகத்தில் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. "தோத்த பார்ட்டி பேசறேம்மா. ஆயாவ கேட்டேன். பாப்பா சாப்ட்டு தூங்குது." வைத்துவிட்டார். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. காப்பகத்தை விட்டு அவள் பள்ளிக்கூடம் போன பிறகும் அது நிற்கவில்லை.

நாங்கள் செங்கல்பட்டுக்குக் குடிவந்துவிட்டோம். பாப்பாவைப் பற்றிச் சொல்ல அவரிடம் இப்போது எந்தச் சேதியும் இல்லை. ஆனாலும் கூப்பிடுவார். "சாப்ட்டீங்களாம்மா?" என்று கேட்பார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் நான் எந்த மீட்டிங்கும் வைத்துக்கொள்வதில்லை.